அப்பாவின் தூண்டில் கழி

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், கடைமடையான எங்கள் கீழ்வேளூருக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதற்குள் அப்பா தூண்டில் கழியைத் தயார் செய்துவிடுவார்.

தை மாதம் தேய்பிறையில் முற்றிய கல்மூங்கிலாகப் பார்த்து வெட்டுவார். அடுப்புக்கு மேலே பரணில் செருகி, நாலைந்து மாதம் புகை குடிக்க விடுவார். பிறகு வைக்கோல் தீயில் கணுக்கணுவாகக் காட்டி, வளைவெடுத்து, வேப்பெண்ணெய் தடவுவார். தக்கைக்கு மயிலிறகுத் தண்டு. தங்கூசியை நுனியில் மட்டும் முடியமாட்டார். கழியோடு சுற்றி நடுவரை இழுத்துக் கட்டுவார். நுனி ஒடிந்தாலும் மீன் போகாது.

போன ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்த பேரன் தூண்டில் கேட்டான். கொல்லையில் பச்சை மூங்கிலை வெட்டி, அவசரத்தில் நுனியிலேயே கட்டிக் கொடுத்தேன். முதல் விராலே நுனியை ஒடித்து, நரம்போடு போய்விட்டது. பிள்ளை அழுதான். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். பாகப்பிரிவினையில் மனஸ்தாபம், ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.

மறுநாள் காலை திண்ணையில் ஒரு கழி சாத்தியிருந்தது. எண்ணெய் மினுமினுத்தது. பிடியில், சிறுவயதில் நான் பேனாக்கத்தியால் கீறிய என் பெயரின் முதலெழுத்து. அப்பாவின் கழி! பாகப் பத்திரத்தில் அது இல்லை; இத்தனை நாள் அவர் பரணில் இருந்திருக்கிறது.

சாயங்காலம் பேரன் பிடித்த கெண்டையில் பாதியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன்.

"இன்னமும் நுனியிலதான் கட்டுறியாடா?" என்றார்.