ஆர் சொன்னது?

செப்டெம்பர் 18, 2024 – புதன்

சனாதிபதித் தேர்தல் பிரசாரம் இன்று நள்ளிரவோடு ஓய்கிறது. வட்ஸ்அப் குழுக்கள் ஓயப்போவதில்லை. காலைத் தேத்தண்ணி ஆறும் முன்னமே ரொறொன்ரோ, பாரிஸ், சூரிச் எல்லாம் கைபேசிக்குள் வந்து குந்திவிடுகின்றன.

பேப்பர் என்றால் இப்போது ஞாயிறு வீரகேசரி மட்டும்தான். அதிலும் முதலில் திறப்பது மரண அறிவித்தல் பக்கம். என் வாசிப்பில் மாறாமல் நிற்கும் ஒரே பழக்கம் அதுவாகத்தான் இருக்கும். முன்பு ஊர் வாசிகசாலையில் ஒரு வீரகேசரியும் ஒரு ஈழநாடும் வரும். நடுத்தாளை உருவிக்கொண்டு போனவர் திரும்பும்வரை மற்றவர்கள் முன்பக்கத்தை வைத்து வாதாடுவார்கள். வாசித்த நேரத்தைவிட வாதாடிய நேரம் கூட.

செப்டெம்பர் 20 – வெள்ளி

வாக்குப் போடக் கொழும்பில் இருந்து தங்கச்சியின் மகன் வந்திருக்கிறான். இரவுச் சாப்பாட்டில் கேட்டான்: "மாமா, அப்ப கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. பிறகு என்னெண்டு நியூஸ் கேட்டனீங்கள்?"

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானது. மிஞ்சியது சைக்கிள். அதைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் தலையை டயரோடு சாய்த்து, பெடலைக் கையால் சுற்றினோம். டைனமோ 6 வோல்ட். நாலு பற்றரி போடும் றேடியோவுக்கும் 6 வோல்ட். ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். இடையில் டையோட் போடத் தெரிந்த பொடியனுக்கு அந்தக் காலத்தில் ஊரில் டொக்டருக்குச் சமமான மரியாதை. வேகமாகச் சுற்றினால் றேடியோ எரிந்துவிடும். கை சோர்ந்தால் குரல் அமுங்கும். இரவு ஒன்பதேகாலுக்கு பீபீசி தமிழோசையில் ஆனந்தி அக்கா பேசத் தொடங்கினால், சுற்றுகிறவனைத் தவிர மற்ற எல்லோரும் மூச்சுவிடாமல் இருப்போம். அச்சுத்தாள் தட்டுப்பாட்டில் பத்திரிகையும் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தது.

அவன் சிரித்தான். பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவரை ஒரு இரவு முழுக்கப் பெடல் சுற்ற விடவேண்டும். செய்தி வருமுன் குண்டு வந்த காலம் அது.

ஆனால் ஒன்று. கொழும்பு வானொலி ஒரு எண்ணிக்கை சொல்லும். புலிகளின் குரல் வேறொன்று சொல்லும். தமிழோசை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். மணிலாவில் இருந்து வெரித்தாஸ் தன் பங்குக்கு ஒன்று சொல்லும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் அப்பு "சரி, இவ்வளவுதான் நடந்திருக்கும்" என்பார். எது எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு சாயும் என்று தெரிந்தால் கோணல் தராசிலும் நிறுக்கலாம்.

செப்டெம்பர் 21 – சனி

காலையிலேயே வாக்குப் போட்டாயிற்று. இரவு பத்து மணிக்கு ஊரடங்கு. முன்பு தேர்தல் இரவு என்றால் பாட்டுக்கு இடையில் வானொலி ஒவ்வொரு தொகுதியாகச் சொல்லும். கொப்பியில் கட்டம் கீறிக் குறித்துக்கொண்டு விடியும்வரை இருப்போம்.

இன்று தபால் வாக்கு முடிவே வராத நேரத்தில் "வெற்றி உறுதி" என்று ஒரு படம் வந்தது. பாரிசில் இருக்கும் மச்சான் அனுப்பினார். அதையே சூரிச்சில் இருந்து பெரியம்மாவின் மகளும் அனுப்பினா. பலமுறை கைமாறியது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி அதன் தலையில் இருந்தது. "ஆர் சொன்னது?" என்று எழுதினேன். "வந்தது, அனுப்பினன்" என்றார் மச்சான்.

இந்த மச்சான்தான் அன்றைக்குப் பெடல் சுற்றியவர். நாலு வானொலி கேட்காமல் ஒரு செய்தியையும் நம்பாதவர்.

செப்டெம்பர் 22 – ஞாயிறு

யாருக்கும் ஐம்பது வீதம் இல்லை. 1982இல் தொடங்கிய சனாதிபதித் தேர்தல்களில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணினார்கள். யாழ் மாவட்டத்தில் சஜித் முதலிடம், அரியநேத்திரன் அடுத்தது. பின்னேரம் அனுரவின் வெற்றி அறிவிக்கப்பட்டது.

மருமகன் தேர்தல் ஆணைக்குழுவின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, குழுக்களில் வந்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். ஒரு படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "இது பழைய தேர்தல் படம் மாமா" என்றான். டைனமோ காணாத பிள்ளைக்கு அப்புவின் பழக்கம் இருக்கிறது. "இளசுகள் போனைப் பார்த்துக் கெட்டுப்போச்சுதுகள்" என்று புலம்புவது எங்கள் வயதுக்காரர். கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவதும் அவர்களேதான்.

ஏன் என்று படுக்கையில் யோசித்தேன். வயதால் வந்த சோம்பல் என்று தள்ள முடியவில்லை. அன்றைக்குச் செய்தி அந்நியக் குரலில் வந்தது, சந்தேகப்படுவது சுலபம். இன்றைக்கு அது மச்சானின் பெயரோடு, மகளின் படத்தோடு வருகிறது. செய்தியைச் சந்தேகித்தால் மச்சானைச் சந்தேகித்த மாதிரி ஆகிவிடுகிறது. சொன்னவர் யார் என்ற இடத்தில், அனுப்பியவர் வந்து நிற்கிறார்.

செப்டெம்பர் 24 – செவ்வாய்

1941இல் தொடங்கிய தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30இல் நின்றது. அதற்கு நெடுநாள் முன்பே நான் எஃப்எம்முக்கும் பிறகு கைபேசிக்கும் மாறிவிட்டேன். திரும்பிப்போகும் எண்ணமும் இல்லை; கைபேசி வசதியான சாமான்.

குடும்பக் குழுவில் இன்று எழுதினேன்: "அன்பான உறவுகளே, எதையும் அனுப்புங்கோ, நான் வாசிப்பன். ஆனால் எந்த வானொலி, எந்தப் பேப்பர், எந்த ஆள் சொன்னது எண்டு ஒரு வரி சேர்த்து அனுப்புங்கோ. தெரியாட்டில், தெரியாது எண்டு எழுதுங்கோ."