பெட்டியைத் திறந்த தந்தை

சென்ற மாதம் உயர்தர வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து நின்று, "சேர், நாட்டைக் குறை சொல்லுற கதைகளையே ஏன் படிக்க வேணும்? நல்லது ஒன்றும் நடக்கவில்லையா?" என்று வினவினான். துடுக்கினால் எழுந்த கேள்வியன்று. மெய்யாகவே அவனுக்கு மனம் சலித்திருந்தது. மணி அடித்து என்னைக் காப்பாற்றியது. எனினும், நிலாவெளியைக் கடந்து குச்சவெளிக்குத் திரும்பும் பேருந்திலே அக்கேள்வியும் என்னோடு வந்தது.

புதுமைப்பித்தன் 1935இல் 'துன்பக்கேணி'யை எழுதியபொழுது சுதந்திரம் பிறக்கவில்லை. இலங்கைக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்னும் கனவு மட்டும் இருந்தது. அதை நம்பித் தேயிலைத் தோட்டத்திற்கு வந்த மருதி என்னும் ஏழைப் பெண் பட்ட பாடுதான் அக்கதை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1948இல், சுதந்திரமும் வந்தது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டமும் வந்தது. மருதியின் வழிவந்தோர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். கதாசிரியர் அன்றே நாட்டைக் குறை கூறினாரா, அல்லது எச்சரித்தாரா?

1952இல் தமிழகத்தில் வெளிவந்த 'பராசக்தி'யும் இவ்வகையினதே. யுத்த காலத்திலே பர்மாவிலிருந்து தாயகம் திரும்பும் குணசேகரனை, அத்தாயகம் முதலில் கொள்ளையடிக்கிறது. பின்னர் பட்டினி போடுகிறது. விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகளான மக்கள் அதனைத் தம் காலத்துக் கதையாகவே கொண்டனர். என் தந்தையார் அதன் வசனங்களை மனப்பாடமாக ஒப்புவிப்பார். வசனம் சற்று மிகை என்பது என் எண்ணம். அவர் உயிரோடிருந்தவரை அதனைச் சொல்லத் துணிந்தேனில்லை.

ஆயினும் என் உள்ளத்தை உலுக்கியது ஒரு சிங்களப் படம். பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த 'புரஹந்த களுவர'. போர்முனையிலிருந்து மகனுடைய உடலென்று முத்திரையிட்ட பெட்டியொன்று வருகிறது. கண்பார்வையற்ற தந்தை நம்ப மறுக்கிறார். படிவத்தில் ஒப்பமிட்டால் நட்டஈடு கிடைக்கும்; மகன் பாதியில் விட்டுச் சென்ற வீட்டைக் கட்டி முடிக்கலாம். அவரோ ஒப்பமிடவில்லை. இறுதியிலே புதைத்த பெட்டியைத் தோண்டித் திறக்கிறார். மகன் உள்ளே இல்லை. 2000இல் அரசு இப்படத்தைத் தடுத்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் திரையிட வழிசெய்தது.

மாணவன் கேட்ட அவ்வாரச் சனிக்கிழமை இரவு இப்படத்தை மீண்டும் பார்த்தேன். தாயாரும் அருகில் அமர்ந்தார். அவருக்குச் சிங்களம் அரைகுறை. இடையிடையே நான் பொருள் சொன்னேன். 1990இல், எனக்குப் பதினொரு வயதாக இருக்கையில், கடைக்குப் போய் வருவதாகச் சொல்லிச் சென்ற என் தமையனார் இன்றளவும் திரும்பவில்லை. அவருடைய பிறப்புச் சான்றிதழைத் தாயார் சேலை மடிப்புக்குள் வைத்திருக்கிறார். மரணச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளும்படி கூறியவர் பலர். அவர் இசையவில்லை. பிடிவாதம் என்று நானும் எண்ணியதுண்டு.

பெட்டி திறக்கும் காட்சியில் பொருள் சொல்ல வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டார். படம் முடிந்து நெடுநேரம் சென்றபின், "அந்த மனுசனுக்குத் திறந்து பார்க்க ஒரு பெட்டியாவது வந்தது, தம்பி" என்றார். பிறகு, "பாவம், அவனும் ஒப்பம் வைக்கேல்லை" என்றார்.

திங்கட்கிழமை அதிபரிடம் சென்று, அப்படத்தை வகுப்பிலே காட்ட அனுமதி கேட்டேன். மாணவர்க்குச் சிங்களம் போதாதே என்றார். நான் அருகிலிருந்து பொருள் சொல்லுவேன் என்றேன்.