யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?

மருத்துவமும் நகைச்சுவையும் என் ஆய்வுத் துறை என்றதும், ‘சிரிப்பே மருந்து’ என்று பேசக் கூப்பிட்டுவிடுவார்கள். நார்மன் கசின்ஸ் பெயர் கட்டாயம் வரும். வலியோடு படுத்திருந்தவர், மார்க்ஸ் சகோதரர்களின் படங்களைப் பார்த்துச் சிரித்த கதையை 1976-இல் மருத்துவ இதழிலேயே எழுதினார். அதே கட்டுரையில் அவர் ஏராளமாக வைட்டமின் சி ஏற்றிக்கொண்டதும் இருக்கிறது. அது ஏனோ மேடைக்கு வருவதில்லை.

என் வேலை பெரும்பாலும் சிரிப்பு வராத இடத்தில்தான். பழைய கேலிப்படத்தைக் கையில் எடுத்தால், அதில் சிரிக்காமல் இருப்பவரை முதலில் தேடுவேன். 1802 ஜூனில் ஜேம்ஸ் கில்ரே லண்டனில் வெளியிட்ட படத்தில் அப்படி ஒருத்தி நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையைக் கீறி மாட்டம்மைப் பாலை ஏற்றுகிறார், பெரியம்மைக்குத் தடுப்பூசியை அறிமுகப்படுத்திய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர். பக்கத்தில் ஒரு பையன் அந்தப் பால் தொட்டியை ஏந்தி நிற்கிறான். ஏற்கெனவே குத்திக்கொண்டவர்களுக்குக் கையிலும் முகத்திலும் பின்புறத்திலும் குட்டிப் பசுக்கள் முளைக்கின்றன. சுவரில், பொற்கன்றை வணங்கும் கூட்டத்தின் ஓவியம்.

மருத்துவ மாணவர்களிடம் காட்டினால், பாமர ஜனங்களின் பயம் என்று சிரிப்பார்கள். பசுக்களை அட்டையால் மறைத்துவிட்டு, அவள் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்வேன். சிரிப்பு அடங்கும். பிறகு ஜென்னரின் 1798 நூலைப் பிரிப்போம். ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனுக்கு ஏழாம் நாள் அக்குளில் உபாதை, ஒன்பதாம் நாள் குளிர், தலைவலி என்று எல்லாம் குறித்திருக்கிறார். கத்தியைக் கண்டு பையன் பயந்தானா என்று ஒரு வரி கிடையாது. அந்த வரிக்காகத்தான் நாங்கள் கேலிப்படங்களைத் துழாவுகிறோம்.

பயந்தவர்கள் பாமரர்கள் மட்டும்தானா? மாட்டு நோயை மனித உடம்பில் ஏற்றினால் என்ன ஆகுமோ என்று கிளப்பிவிட்டவர்களில் பெஞ்சமின் மோஸ்லி போன்ற டாக்டர்களே உண்டு. அந்தப் பேச்சைக் கில்ரே அப்படியே வரைந்து வைத்துவிட்டார். அப்படியானால் கேலி ஜென்னரையா, மோஸ்லியையா? படத்தின் அடியில், தடுப்பூசி எதிர்ப்புச் சங்கத்தின் வெளியீடுகளைப் பார்க்கவும் என்று ஒரு குறிப்பு. அதுவே நக்கலாகவும் இருக்கலாம். இரு தரப்பாரும் காசு கொடுத்து வாங்கிப்போகட்டும் என்றே வரைந்தார் என்பது என் எண்ணம். தேர்வில் இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் எழுதினாலும் மதிப்பெண் போடுவேன். படத்திலிருந்து ஆதாரம் காட்டாவிட்டால்தான் கிடையாது.