பாசிக்குள்ளே ஒரு காவல்

நமக்குத் தூண்டில் பைத்தியம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். அந்தப் பைத்தியத்துக்குத் தகுந்த சாமர்த்தியந்தான் நெடுநாள் வரையில் வாய்க்கவில்லை. குற்றம் நம்முடையதன்று, நம் ஊர் ஏரியினுடையது! அதில் வேலம்பாசியும், அல்லிக் கொடியும், ஆகாயத்தாமரையும் போக மிஞ்சிய இடத்தில்தான் தண்ணீர். விரால் மீனோ அந்தப் புதருக்குள்ளேயே குடியிருப்பது. தூண்டிலை வீசி இழுத்தால் ஒரு கூடை பாசி வந்து சேரும். "இன்றைக்கும் கீரைதானா?" என்று வீட்டு எஜமானி விசாரிப்பாள்.

இந்த நிலையில், அமெரிக்காவிலிருந்து வந்த நம் தங்கை மகன் 'ஸ்பின்னர்பெய்ட்' என்னும் பொய்யிரை ஒன்றைக் கொடுத்தான். துணியில் குத்தும் ஊக்கை விரித்தாற்போல வளைந்த ஒரு கம்பி. அதன் கீழ்க் கையில் ஈயத் தலை. அதை ஒட்டி, ரப்பர்க் குஞ்சத்துக்குள் மறைந்த முள். மேற்கையில் சுழலும் தகடு. இழுக்கும்போது தகடு சுழன்று மின்னும். அதன் அதிர்ச்சியை மீன் தன் விலாப்புறத்தாலேயே உணர்ந்துவிடும். கம்பி முன்னே சென்று கொடிகளை ஒதுக்குவதால் முள் எளிதில் சிக்குவதில்லை. சுழலும் தகட்டால் மீனை ஏமாற்றும் வித்தைக்கு ஜூலியோ பியூல் என்ற அமெரிக்கர் 1852-லேயே காப்புரிமை பெற்றிருக்கிறார்.

பாசியின் மேலாக அதை ஒரே சீராக இழுத்து வரவேண்டும். இடைவெளி வந்ததும் சற்று நிறுத்தினால், தகடு சுழன்றபடியே இரை அமிழும். விரால் பாய்வது அங்கேதான். பாய்ந்ததும் நரம்பைத் தளர விடலாகாது. விட்டால் மீன் கொடிகளுக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும்.

ஐப்பசி மாதத்தில் ஒரு காலை. அல்லி இலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவது போல நீர் சிலிர்த்துக் கொண்டிருந்தது. அதன் குறுக்கே வீசினோம். 'படார்' என்று ஓர் அடி! நீண்ட போராட்டத்துக்குப் பின், கைநீள விரால் ஒன்று கரையேறியது. நமக்குத் தலைகால் புரியவில்லை.

மூங்கில் தூண்டிலுடன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் மகிழவில்லை.

"தம்பி, அது பசிச்சுக் கடிக்கலே. புள்ளைங்களைக் காக்கக் கடிச்சிருக்கு. அதோ பாருங்க!" என்றார்.

பார்த்தோம். நீர் சிலிர்த்த இடத்தில் நூற்றுக்கணக்கான செங்குஞ்சுகள். விரால் காற்றைக் குடித்து வாழும் மீன். குஞ்சுகளும் அதற்காகவே மேலே வந்து வந்து போயின. அவற்றின் அடியில் காவல் நின்ற மீன் இப்போது நம் கையில்! காவல் போனால் மற்ற மீன்களுக்கு அன்று விருந்துதான்.

வீட்டில் மசாலா அரைத்தாகிவிட்டது. அண்டை வீட்டாருக்கும் பங்கு சொல்லியாகிவிட்டது. ஆயினும், எதிரியென்று நம்பித் தன் குஞ்சுகளுக்காகப் பாய்ந்த மீனை வென்றதாகச் சொல்லிக் கொள்ள நமக்கு நாக்கு எழவில்லை. கையை நனைத்துக்கொண்டு, முள்ளை மெல்ல எடுத்து, மீனைத் தண்ணீரில் விட்டோம். அது சற்றுத் தயங்கி நின்று, பிறகு பாசிக்குள் மறைந்தது.

திரும்பி வருமா? அரைமணி நேரம் காத்திருந்தோம். பெரியவரும் தம் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார். திடீரென்று செங்குஞ்சுக் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. நடுவே ஒரு கரிய தலை எழுந்து, காற்றைக் குடித்து, மறுபடி அமிழ்ந்தது. அதன்மேல் கூட்டம் மீண்டும் ஒன்று கூடிற்று.

"மீன் எங்கே?" என்று வீட்டில் கேட்டார்கள்.

"அதன் வீட்டில் இருக்கிறது" என்றோம்.

அன்றும் கீரைதான்.