பற்பல

பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில்தான் 'பற்பல கடனாளிகள்' என்பதை முதலில் பார்த்தேன். ஆங்கில வழி மாணவர்களுக்கு அது 'சன்ட்ரி டெப்டார்ஸ்'. சன்ட்ரி என்றால் என்னவென்று சாரைக் கேட்டேன். "சில்லறை சில்லறையா நிறையப் பேருப்பா. உதிரின்னு வெச்சுக்கோ" என்றார். பல வருஷம் அப்படியேதான் வைத்திருந்தேன்.

அந்த ஆண்டு அப்பாவின் மளிகைக்கடைக் கணக்கை நானே எழுதிப் பார்த்தேன். அவருடைய கடன் நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். பெயருக்குப் பதில் 'டீச்சரம்மா', 'மேலத்தெரு தறிக்காரர்' என்றுதான் தலைப்பு இருக்கும். எல்லாவற்றையும் கூட்டி 'பற்பல கடனாளிகள்' என்று ஒரே வரியில் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "தொகை சரிதான். இதுல டீச்சரம்மா எங்கப்பா இருக்காங்க?"

அவர் கேட்டதற்கான பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது என்பது பின்னாளில் அகராதியைப் புரட்டியபோது தெரிந்தது. பழைய ஆங்கிலத்தில் சன்ட்ரிக்குத் 'தனியான', 'வெவ்வேறான' என்று பொருள். பிரிப்பதைக் குறிக்கும் 'சன்டர்' அதன் உடன்பிறப்பு. 'ஆல் அண்ட் சன்ட்ரி' என்னும்போது 'ஆல்' எல்லாரையும் ஒருசேர அழைக்கிறது. 'சன்ட்ரி' ஒவ்வொருவரையும் தனியாக அழைக்கிறது. 'வேரியஸ்' என்ற சொல்லில் இந்த நெருக்கம் இல்லை என்பது என் எண்ணம்.

புழக்கத்தில் அது உதிரியாகிவிட்டது உண்மைதான். கிரிக்கெட்டில் ஆஸ்திரேலியர்களுக்கு வைடும் நோபாலும் பையும் சேர்ந்து 'சன்ட்ரீஸ்'. மலேசியாவில் மளிகைக்கடையே 'சன்ட்ரி ஷாப்'. அப்பாவின் கடைக்கு அந்தப் பலகை பொருந்தியிருக்கும்.

நம் பாடநூலில் இதற்குப் பற்பல என்று போட்டவர் யாரோ, அவரை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. பல என்றால் கூட்டம். அதையே இரட்டித்துப் பற்பல என்னும்போது, வீடு வீடாக, ஆள் ஆளாக என்பதுபோல, கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாகத் தெரியத் தொடங்குகிறது. 'பல்வேறு' என்று எழுதியிருந்தால் எனக்கு இது தோன்றியிருக்காது.

2011இல் கம்பெனிச் சட்டத்தின் ஆறாம் அட்டவணையைத் திருத்தியபோது, இருப்புநிலைக் குறிப்பில் சன்ட்ரி டெப்டார்ஸ் இருந்த இடத்துக்கு 'டிரேட் ரிசீவபிள்ஸ்' வந்தது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் மட்டும் பழைய தலைப்பு இன்னும் இருக்கிறது. அதன்மேல் நின்று என்டரைத் தட்டினால் அந்த ஒற்றைத் தொகை விரிந்து பெயர் பெயராக வரும். தணிக்கைக்குத் தேவையில்லாத நாளிலும் நான் தட்டிப் பார்ப்பேன்.