காட்டுப் பயணம்: சுமை யார் தலையில்?

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டில் பயணப் பேச்சுத் தொடங்கிவிடும். இம்முறை இளைய மகன் புதுக்கதை ஒன்றோடு வந்தான். "வாப்பா, அமெரிக்காவில ஆக்கள் வீட்டையே வாகனத்தில வெச்சிக் காட்டுக்குக் கொண்டு போறாங்களாம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளுக்குள்ளயே இருக்காம். நாமளும் அப்படிப் போவமா?"

அவன் சொன்னது உண்மைதான். அங்கே மாநிலப் பூங்காக்களில் மரங்களுக்கு நடுவே வண்டி நிறுத்த இடம் ஒதுக்கி, பல இடங்களில் தண்ணீரும் மின்சாரமும்கூடக் கொடுக்கிறார்கள். நமக்கு வாய்த்ததோ வாடகை வேனும் நாலு பன்பாயும். ஆனால் காடு நமக்கும் இருக்கிறது. நாவிதன்வெளியிலிருந்து சம்மாந்துறை, அம்பாறை வழியாக இங்கினியாகலைக்கு அரைநாள்கூட வேண்டாம். அங்கேதான் கல்லோயா தேசியப் பூங்கா.

சகோதரிகளே, நம் பகுதி வயல்களில் பாயும் வாய்க்கால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் உருவான சேனாநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். அதற்கு நீர் தரும் காட்டைக் காப்பதற்காகவே 1954இல் ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. நாம் உண்ணும் சோற்றில் அந்தக் காட்டுக்கும் பங்குண்டு. நம் உம்மாமார் வீட்டு மருந்துக்கு வைத்திருக்கும் கடுக்காய், தான்றிக்காய், நெல்லி மூன்றும் அங்கே இயற்கையாய் வளர்கின்றன. படகில் போய்க் காட்டைப் பார்க்கலாம். தீவுக்குத் தீவு யானைகள் நீந்திப் போவதைக் காணலாம். சுப்ஹானல்லாஹ்!

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரையும் கூட்டி மஷூரா செய்தோம். நான் பேனையும் தாளுமாக உட்கார்ந்து, வேன், எண்ணெய்ச் செலவு, படகுக் கட்டணம் என்று எழுதிக்கொண்டு போனேன். மனைவி மெதுவாகச் சொன்னாள்: "இஞ்ச பாருங்க, நீங்க காட்டப் பாக்கப் போறீங்க. நாங்க அங்கயும் அடுப்பத்தான் பாக்கணும்."

அடுத்து மூத்த மகள் கேட்டாள்: "வாப்பா, அங்க பொம்புளையள் ஒதுங்க இடம் இருக்கா?"

என் பேனை நின்றுவிட்டது. சில வருடங்களுக்கு முன் போன ஒரு பயணம் நினைவுக்கு வந்தது. அன்று விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்து மனைவி சோறு கறி ஆக்கினாள். வழியில் ஒதுங்க இடமிராது என்று அஞ்சிக் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கவில்லை. அஸருக்குப் பின் தலைச்சுற்றும் அடிவயிற்று வலியும் வந்து, திரும்பும் வழியில் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தது. ஆண்கள் நாங்கள் மரத்தடியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் தாகத்தை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவளாகச் சொல்லவும் கூச்சம். பயணங்களில் இப்படித் தண்ணீரைத் தவிர்க்கும் பெண்கள் நம்மிடையே அநேகர். சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குறைவதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி செய்கின்றன என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். இது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. திட்டமிட வேண்டிய விடயம்.

ஆகவே தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம்.

முதலாவது, தங்குமிடம். பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் வேனை நிறுத்தித் தூங்க முடியாது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் விடுதியையோ முகாமிடத்தையோ முன்கூட்டியே பதிய வேண்டும். காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் பார்வை நேரம். வீதியோரத்தில் படுப்பதும் ஆபத்து. இரவில் யானை கடக்கும் வழிகள் அவை. வயதான என் உம்மாவும் வருவதால், பூங்காவுக்கு வெளியே, இங்கினியாகலையில், மலசலகூடமும் கதவும் சரியாக உள்ள இடமொன்றில் இரவு தங்கி, விடிந்ததும் படகேறுவது என்று முடிவாயிற்று.

இரண்டாவது, சாப்பாடு. காட்டில் சமையல் இல்லை. இடியப்பமும் சம்பலும் அவித்த முட்டையும் போதும். மாவைக் குழைப்பதும் பிழிவதும் ஆண்பிள்ளைகள் பொறுப்பு. "கை சுடும் உம்மா" என்றான் மகன். "எனக்கு இருவது வருசமா சுடுது மகன்" என்றாள் அவள்.

மூன்றாவது, தொழுகை. ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ருக்கான தூரம் சுமார் 82 கிலோமீற்றர். இங்கினியாகலை அந்த எல்லைக்குள் வராது. ஆதலால் சுருக்கவோ சேர்க்கவோ பயணச் சலுகை இல்லை. ஒவ்வொரு தொழுகையும் அதனதன் நேரத்தில். சுபஹு தொழுதுவிட்டுப் படகேறினால் லுஹருக்கு முன் கரை திரும்பலாம். பொத்துவில், பாணமை தாண்டிக் குமணைக்குப் போகிறவர்களுக்கு நூறு கிலோமீற்றர் அளவு வரும். அவர்களுக்குச் சலுகை உண்டு.

நான்காவது, காலம். நம் கரையில் ஐப்பசி முதல் தை வரை மாரி. மார்ச் முதல் ஜூலை வரை யானை பார்க்க நல்ல காலம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது. ஆனாலும் டெங்கு நுளம்பும் காட்டு உண்ணியும் உண்டு. முழுக்கைச் சட்டை அவசியம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு திண்ணையில் இருந்த அயல்வீட்டு மாமா வயல்காரர். போன போகத்தில் அவருடைய வேளாண்மையை ஒரே இரவில் யானைகள் மிதித்துவிட்டன. "இஞ்ச வந்தா வெடி போடுறம். அங்க போய்க் காசு குடுத்துப் பாக்கிறீங்களா மௌலவி?" என்றார். அவர் வேதனை நியாயமானது. 2023இல் மட்டும் நாட்டில் யானை மனித மோதலில் 150க்கு மேற்பட்ட மனிதர்களும், அதே ஆண்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் உயிரிழந்தன. நான் சொன்னேன்: "மாமா, நம்மட குப்பையும் யானையக் கொல்லுது."

நம் அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. சோற்று வாசனை ஒட்டிய லஞ்ச் ஷீட்டை அந்த வாயில்லா ஜீவன் உணவென்று விழுங்கிவிடுகிறது. 2017 செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டைத் தடை செய்தார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீர்த்துறையையும் பாதையையும் மக்கள் ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவது சாபத்தைத் தேடித்தரும் என்று எச்சரித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். ஆகவே வாழையிலையில் சோறு, பெரிய கேனில் தண்ணீர், ஆளுக்கொரு கோப்பை. கொண்டுபோகும் எதுவும் அங்கே தங்கக்கூடாது.

நம் மகிழ்ச்சியின் பாரத்தை வீட்டில் பெண்களும் காட்டில் வாயில்லா ஜீவன்களும் சுமப்பதென்றால் அது நல்ல பயணமல்ல. நீங்களும் புறப்படும் முன் வீட்டுப் பெண்களை அருகில் இருத்தி, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

எங்கள் பட்டியல் இப்போது குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறது. முதல் வரி மகளின் கையெழுத்தில்: "குப்பை கொண்டுவர வெறும் அரிசிச் சாக்கு ஒன்று." இரண்டாவது வரியை நான் எழுதினேன்: "உம்மாவும் தண்ணீர் குடித்தாவா என்று வழியில் கேட்க வேண்டும்."