ஜெயிக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்

சொத்துத் தகராறுக்காக முதல்முறை வக்கீலைத் தேடிப் போகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "கேஸ் ஜெயிக்குமா சார்?" பத்திரத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் "ஜெயிச்சிடலாம்" என்பவருக்கு வக்காலத்து கொடுத்துவிடாதீர்கள்.

திறமையானவர் முதலில் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று கேட்பார். நடந்ததைத் தேதிவாரியாக எழுதிவரச் சொல்வார். பிறகு நம் பக்கம் எங்கே ஓட்டை, எதிர்த்தரப்பு எதைப் பிடித்துக்கொள்ளும் என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். கேட்கும்போது வயிற்றைக் கலக்கும். ஆனால் என்னைப் பொறுத்தவரை, அவர் தகுதி தெரிவது அந்தப் பேச்சில்தான்.

வாய்தாவுக்கு ஜூனியர் வருவதில் தப்பில்லை. குறுக்கு விசாரணை செய்யப்போவது யார் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். வழக்கு எண்ணை வாங்கி வையுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்று இ-கோர்ட்ஸ் செயலியில் நாமே பார்க்கலாம்.

"சொத்து கிடைச்சா அதுல எனக்கு இவ்வளவு" என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. வக்கீலை மாற்றினால், ஃபீஸ் பாக்கியைக் காட்டி அவர் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொன்னது இது.

பணமில்லை என்று தயங்கும் அக்கா தங்கைகளுக்கு: 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் விசாரியுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.